கடைசிப் பத்தியை மடித்து வை: பதினோராம் வகுப்பில் கதை எழுதுவது பற்றி

கேள்வி, 2023 ஜூலை 2

பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடநூலில் கதை இருக்கிறது, பிள்ளைகள் ஆர்வமாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒரு கதை எழுதச் சொன்னால் நாற்பது பேரும் ஒரே கதையைக் கொண்டுவருகிறார்கள். ஏழைச் சிறுவன், கீழே கிடந்த பணப்பை, நேர்மை, கடைசியில் கலெக்டர். கதை எழுதுவது பிறவியில் வர வேண்டும், வகுப்பில் வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு

மறுக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளியில் பதினொரு வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். அந்தக் கலெக்டர் கதையை நானும் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன்.

கதை வராததால் அவர்கள் அப்படி எழுதவில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதால் எழுதுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் காக்கா கதை சொன்னாலும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டுத்தான் முடிக்கிறோம். அப்புறம் கட்டுரை என்றால் முன்னுரை, முடிவுரை, நடுவே குறிப்புச் சட்டகம். பத்தாம் வகுப்பில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று ஒரு படம் வருகிறது, ஐந்து மதிப்பெண். அதற்குக்கூட மனப்பாடமாக ஒரு கவிதை வைத்திருக்கிறார்கள். படத்தில் மரம் இருந்தாலும் மாடு இருந்தாலும் பொருந்திப் போகும். இவ்வளவையும் கடந்து பதினொன்றுக்கு வருகிற பிள்ளையிடம் திடீரென்று "உன் மனசில் இருப்பதை எழுது" என்றால் அவன் என்ன செய்வான்? கலெக்டரைத்தான் கூப்பிடுவான்.

ஜூலை 3

நேற்று காரணம் மட்டும் சொன்னேன். செய்வது இதுதான்.

எனக்கு வாரத்தில் ஒரு நீதிபோதனை பீரியட் இருக்கிறது. அதில் ஒரு பக்கக் கதை எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் தாளின் கடைசிப் பத்தியைப் பின்பக்கமாக மடிக்கச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் மடிக்காத பகுதியை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்ததும் வகுப்பைப் பார்த்துக் கேட்பேன்: கதை முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா? பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஒரு பெண், தீபாவளிக்கு முன்னால் வீட்டு ஆட்டை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோனதை எழுதினாள். மடிப்புக்கு மேலே இருந்த கடைசி வரி: "அப்பா சாயங்காலம் வந்து கயிற்றை மட்டும் ஆணியில் மாட்டினார்." மடிப்புக்குக் கீழே: "ஆகவே நாம் எல்லா உயிர்களிடத்தும் அன்பு காட்ட வேண்டும்."

வகுப்பே கயிற்று வரியோடு அமைதியாகிவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "இதுக்கு மேல எதுக்கு டீச்சர்?" என்றான். அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடத்தை அவன் நடத்திவிட்டான்.

ஜூலை 9

எந்தக் கதைகளை வாசிக்கக் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் கொடுப்பவை பிள்ளை ஒன்று உள்ளுக்குள் வளர்ந்து பெரியவராவதைச் சொல்கிற கதைகள். இந்த வகைக் கதைக்கு நம்மிடம் என்ன பெயர்?

வளரிளம் பருவம், பதின்பருவம் என்பதெல்லாம் பயிற்சி முகாம்களில் கேட்கிற சொற்கள். எந்தப் பிள்ளையும் தன் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. "வயசுக்கு வருவது" என்றால் பெண்ணுக்கு மட்டும்தான், அதுவும் உடம்போடு முடிந்துவிடுகிறது. "ஆளாகிவிட்டாள்" என்றாலும் அதேதான். "ஆளாகிவிட்டான்" என்றால் வேலை கிடைத்து நாலு காசு பார்க்கிறான் என்று அர்த்தம். பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக, உள்ளே நடக்கிற மாற்றத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்று ரொம்ப நாள் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே தினமும் புழங்கியது. "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து" என்று அம்மா ஆரம்பிப்பாளே, அதுதான். விவரம் தெரிவது. அதற்கு வயது கிடையாது. ஒன்பதிலும் தெரியலாம், பதினாறிலும் தெரியலாம். தெரிந்த பிறகு முன்போல இருக்க முடியாது.

வகுப்பில் இப்போது அதையே சொல்கிறேன். "இந்தக் கதையில் யாருக்கு, எந்த இடத்தில் விவரம் தெரிகிறது?" பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

சரி, கதைகள். முதலில் கு. அழகிரிசாமியின் "ராஜா வந்திருக்கிறார்". தீபாவளிக்கு முந்தின இரவு, ஏழை வீடு. அனாதைப் பையன் ஒருவன் வருகிறான். அவனைக் குளிப்பாட்டிய தாய், புதுத்துணி என்று வரும்போது ஒரு நிமிடம் தயங்குகிறாள். வழி சொல்வது அவளுடைய சின்ன மகள். பெரியவள் தயங்கியதும் சின்னவள் தயங்காததும் ஏன் என்று கேட்டேன், பீரியட் போதவில்லை. அந்தத் தாய் தயங்கியிருக்கவே கூடாது என்று பாதி வகுப்பு. மற்றப் பாதிக்குக் கடையில் துணி எடுத்துப் பழக்கம் இருந்தது போல, "தயங்காட்டிப் பொய்யா இருக்கும் டீச்சர்" என்றார்கள்.

அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல்காரர்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு விரிவானத்தில் இரண்டு பேரையும் படித்தவர்கள். இருந்தாலும் பாடத் தலைப்பாகத்தான் தெரியும். பக்கத்து ஊர்க்காரர், இதே கரிசல் மண்ணில் நடந்தவர், சாகித்ய அகாதமி விருது வாங்கியவர் என்று சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எங்க ஊரை வச்சும் எழுதலாமா?" அவள் இது வரைக்கும் எழுதிய கதைகள் எல்லாம் "ஒரு அழகிய கிராமத்தில்" நடந்தவை.

ஜூலை 16

"எனக்கு விவரம் தெரிந்த நாள்" என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு பக்கம், கடைசிப் பத்தி இல்லாமல். வந்ததைப் பார்த்து ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அம்மாவின் கையில் எப்போதும் ஒரு வாடை இருக்கும், அது அம்மாவின் வாடை என்றே நினைத்திருந்தேன், ஒருநாள் தீப்பெட்டி ஆபீஸுக்குச் சோறு கொண்டுபோனபோது அங்கே எல்லார் கையிலும் அதே வாடை என்று ஒருத்தி. கூடப் படிக்கிறவன் வீட்டில் தனக்கு மட்டும் வேறு டம்ளரில் தண்ணீர் வந்ததை ஒருவன் நாலே வரியில் எழுதியிருந்தான். இன்னொரு பெண், தன் சடங்குக்கு முக்கு ரோட்டில் வைத்த பிளக்ஸ் பற்றி. லீவு முடிந்து பள்ளிக்கு வரும்போது பஸ்ஸில் இருந்த எல்லாரும் அந்தப் பிளக்ஸைத் தாண்டித்தான் வந்தார்கள். அவளும் அதே பஸ்ஸில்.

கேள்வி கேட்டவருக்கு: பிறவியில் வருகிறதா இல்லையா என்று இனிமேலும் கேட்பீர்களா?

ஜூலை 17

இன்னொன்று. "மகிழ்ச்சி அடைந்தான்", "மிகவும் வருந்தினாள்" இரண்டையும் தடை செய்திருக்கிறேன். மகிழ்ந்தவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்க எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். அதையும் தடை செய்தேன். அதன் பிறகுதான் ஒருவன், பாஸான அன்று சைக்கிளைத் துடைத்தான்.

ஆகஸ்ட் 6

ஜூலை 16 குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் தங்கள் வகுப்பிலும் அதே தலைப்பைக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

அந்தத் தாள்களில் ஒன்றை மறுவாரம் வகுப்பில் வாசித்தேன். பெயரைச் சொல்லவில்லை. நல்ல எழுத்து, எல்லாரும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் வாசித்தேன். நாற்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில், ஐந்தாறு ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நடுவில், பெயர் சொல்லாவிட்டால் தெரியாது என்று எப்படி நினைத்தேனோ. மூன்றாவது வரியிலேயே தலைகள் திரும்பிவிட்டன. நான் பார்க்கவில்லை, நல்ல வரி வரப்போகிறது என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் நாலு நாள் வரவில்லை. வந்தபோது நான்தான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க கேட்டீங்கன்னுதான் எழுதினேன் டீச்சர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என்ன எழுதியிருந்தான் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு வாக்கியம் என் பதினொரு வருடத்தைப் புரட்டிவிட்டது. டீச்சர் கேட்டால் பிள்ளை கொடுத்துவிடும். நாம் கேட்பதற்கு அவ்வளவு பலம் இருக்கிறது. உன் வாழ்க்கையில் நடந்ததை எழுது என்பது, அதிலும் மதிப்பெண் போடுகிற கையை வைத்துக்கொண்டு கேட்பது, பிள்ளையின் சட்டைப் பைக்குள் கையை விடுவது மாதிரி. உண்மை எழுத்து வர வேண்டும் என்ற அவசரத்தில், கதை என்ற ஒன்றை மனிதர்கள் எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பதையே மறந்துவிட்டேன். தன்னுடையதை வேறு ஒருவர் மேல் ஏற்றிச் சொல்லத்தானே கதை? பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், அப்பாவை மாமாவாக்கலாம், அழுதவனைச் சிரிக்க வைக்கலாம். அந்த மறைப்பு இருந்தால்தான் பதினாறு வயசுப் பிள்ளை தைரியமாகப் பேசும்.

இனி என் வகுப்பில் "நான்" என்று எழுதக் கூடாது. "அவன்", "அவள்" மட்டும். நடந்ததில் குறைந்தது மூன்று விஷயத்தையாவது மாற்றியே ஆக வேண்டும். எவை என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "இது நிஜமா?" என்று யாரும் கேட்கக் கூடாது, முக்கியமாக நான்.

ஆகஸ்ட் 7

ஒரு நண்பர் சுட்டிக்காட்டியது: "நீங்களே இங்கே அவர்கள் எழுதியதை எல்லாம் போட்டிருக்கிறீர்களே?"

சரியான கேள்வி. ஆட்டுக்கயிறு வரியை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுப் போட்டேன். ஜூலை 16இல் எழுதியவற்றைக் கேட்காமல் போட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருந்தேன் என்றாலும் தவறுதான். இன்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். இருக்கட்டும் என்றார்கள். டம்ளர் எழுதியவன் மட்டும், "ஊர் பேர் போடலைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். இனி எது எழுதினாலும் கேட்ட பிறகுதான்.

ஆகஸ்ட் 13

இந்த வாரம் கதை வகுப்பு நடத்தவில்லை. 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் வீட்டுக்குள் புகுந்து, அதே பள்ளியில் படிக்கும் பையன்களே அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. எங்கள் ஊரிலிருந்து அது தூரமில்லை. எங்கள் பிள்ளைகள் கையிலும் சாதிக்கு ஒரு கலராகக் கயிறு இருக்கிறது.

டம்ளர் எழுதியவனும், அவன் போன வீட்டுப் பையனும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போதைக்கு இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 27

பூமணியின் "வெக்கை"யிலிருந்து சில பக்கங்களை இந்த மாதம் வாசிப்பதாகத் திட்டம் வைத்திருந்தேன். 1982இல் வந்த நாவல், எழுதியவர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஆண்டிப்பட்டிக்காரர், மையத்தில் இருப்பவன் பதினைந்து வயசுப் பையன். அவன் ஒரு கொலை செய்கிறான். நாங்குநேரிக்குப் பிறகு இதை வகுப்புக்குள் கொண்டுபோகலாமா? சக ஆசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். எனக்கும் பயம்தான்.

ஆனால் பையன்கள் எல்லாரும் இந்த நாவலிலிருந்து எடுத்த "அசுரன்" படம் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அரிவாள் ஓங்குகிற காட்சி. நாவலில் வெட்டு ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவது. பசி, தூக்கம், என்ன சமைப்பது, வீட்டில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்ற கவலை. அந்தப் பகுதியைத்தான் வாசித்தேன், ஆரம்பத்தை விட்டுவிட்டு.

கேள்வி ஒன்றே ஒன்று: இவனுக்கு எங்கே விவரம் தெரிகிறது? வெட்டும்போது என்று சிலர் சொன்னார்கள். வழக்கமாக வாயே திறக்காத ஒருவன், "வெட்டுறப்போ இல்ல டீச்சர், அப்பா தனக்குப் பயமில்லாத மாதிரி பேசுறாருன்னு புரியுறப்போ" என்றான். அது அவன் வாசிப்பு. நாவலில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று நான் தேடவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் அரிவாளைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு கதை வாசித்ததால் கயிறுகள் அறுந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் வெட்டியவனுக்கு மறுநாள் காலையில் பசிக்கும், அவன் அப்பாவுக்கு நடுங்கும் என்பதை யாராவது இந்த வயசில் சொல்லித்தர வேண்டாமா? நீதி சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். நாங்குநேரிக்கு மறுநாள் காலைக் கூட்டத்தில் நல்லொழுக்கம் பற்றி ஒரு பேச்சு நடந்தது. முன்வரிசை தவிர யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 1

பேச்சு வழக்கு பற்றிக் கேட்டவருக்கு.

பிள்ளைகள் கதையில் அம்மாவும் மகனும் "நான் சென்று வருகிறேன் அம்மா", "நல்லது மகனே" என்று பேசிக்கொள்வார்கள். வீட்டில் அப்படி யாராவது பேசினால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். உரையாடலைப் பேசுகிறபடியே எழுதலாம் என்றதும் முதலில் நம்பவில்லை. "சிவப்பு மையில சுழிக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்கள். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் பாட்டி பேசுகிற சொல் அச்சில் இருந்தது. அன்றிலிருந்து வகுப்புக்கு என்று ஒரு சொல் நோட்டு. யார் வீட்டில் புதுச்சொல் கேட்டாலும் அதில் எழுத வேண்டும். மிகுதியாக வந்தவை வசவுகள்தான். அதையும் எழுதட்டும் என்று விட்டேன். தேதியும் சொன்னவர் உறவும் போட்டு எழுதுகிறார்கள்: "கோட்டிக்காரப் பய, ஆச்சி, செப்டம்பர் 12."

எழுத்துப்பிழை விஷயத்தில் என் கருத்து மாறியிருக்கிறது. திருத்தவே கூடாது என்று இருந்தேன். றகர ரகரத்தைச் சுழித்தால் பிள்ளை தனக்குத் தெரிந்த சொற்களுக்குள் சுருங்கிவிடும், சந்தேகமான சொல்லைத் தொடாது என்பது என் அனுபவம். ஆனால் போன வாரம் ஒருத்தி தாளை நீட்டி, "இதைத் திருத்தித் தாங்க, தப்போட இருந்தா நான் சொன்னதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். இப்போது முதல் பிரதியைத் தொடுவதில்லை. கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிற இரண்டாம் பிரதியில் சேர்ந்து உட்கார்ந்து திருத்துகிறோம், பென்சிலில்.

கையெழுத்துப் பத்திரிகை பற்றிச் சொல்லவில்லையே. ஒரே பிரதி, நாற்பது பக்க நோட்டு, படம் போடுவது இரண்டு பேர். பள்ளிக் கல்வித்துறை நடத்துகிற "தேன்சிட்டு" மாணவர் இதழ் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எங்கே இடம்? அதனால் ஆரம்பித்தோம்.

2024 ஜனவரி 7

டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை அளவுக்கு இங்கே இல்லை. ஆனால் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் தண்ணீரில் நின்றன, சில வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

பள்ளி திறந்ததும், வெள்ளத்தைப் பற்றிக் கதை எழுதச் சொல்லுங்கள், நல்ல வாய்ப்பு என்று ஒருவர் எனக்குச் சொன்னார். சொல்லவில்லை. ஆகஸ்டில் பட்டது போதும். பொம்மைக் கடை, கிணறு, கல்யாண வீடு என்று மூன்று இடங்களைக் கொடுத்து எதில் வேண்டுமானாலும் கதை நடக்கட்டும் என்றேன். கல்யாண வீட்டை எடுத்த ஒருத்தியின் கதையில், பந்தியெல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் தன் அண்ணனின் சான்றிதழைத் தலையணைக்கு அடியில் வைத்துக் காயவைக்கிறாள். ஏன் நனைந்தது என்று கதையில் எங்கேயும் இல்லை. (கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) வகுப்பில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜனவரி 8

இந்தக் கதைகளுக்கு மதிப்பெண் போடுவது இல்லை. போட்டால் நாளைக்கே கலெக்டர் வந்துவிடுவார்.

மார்ச் 24

பரீட்சை நாட்களில் ஒருவன் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆகஸ்ட் 6இல் நான் எழுதியது அவனைப் பற்றித்தான். "சும்மா எழுதினேன், பத்திரிகைக்கு இல்ல" என்றான். ஒரு கண்டக்டரைப் பற்றிய கதை. கடைசி பஸ், ராத்திரி. எல்லாம் "அவர்" என்றே போகிறது.

வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, இந்தக் கதையில் பஸ் ஏன் ஒரே ஊருக்குள் இரண்டு இடத்தில் நிற்கிறது, ஒன்றை எடுத்துவிடலாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எடுக்க முடியாது டீச்சர். முதல் இடத்துல அவர் இறங்கியிருக்கலாம். இறங்கலை."

இரண்டு நிறுத்தமும் அப்படியே இருக்கட்டும் என்றேன். இவ்வளவையும் இங்கே எழுதலாம் என்று அவன்தான் சொன்னான்.

ஜூன் 16

இந்த வருடம் நாற்பத்தாறு பேர். நீதிபோதனை பீரியட் வெள்ளிக்கிழமைக்கு மாறியிருக்கிறது, கடைசி மணி. ஊர்களுக்குப் போகிற பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவார்கள். அதனால் இந்தத் தடவை அரைப் பக்கம் மட்டும்.

கையெழுத்துப் பத்திரிகையை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப முடியாது. பள்ளிச் சுவரைத் தாண்டாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சொல் நோட்டிலிருந்து வேண்டுமானால் ஒரு பக்கம் படியெடுத்துத் தருகிறோம் என்கிறார்கள், வசவுகள் இல்லாத பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.